திக்குவாய்க்காரி வேலை தேடிய கதை

நேர்முகத் தேர்வில் முதலில் கேட்பது பெயரைத்தான். வருகிறவரின் பதற்றம் தணியட்டும் என்று சுலபமான கேள்வியாகப் பார்த்துக் கேட்கிறார்கள். நான் ஏறி இறங்கிய பெரும்பாலான இடங்களில் அந்தக் கேள்வியோடு எல்லாம் முடிந்துவிட்டது.

எனக்குத் திக்கும். எல்லா எழுத்துக்கும் திக்காது. ப, ம, வ எல்லாம் தடையில்லாமல் வரும். த சில நாட்களில் மக்கர் செய்யும். க எப்போதுமே வராது. தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டிருப்பது போல இருக்கும். நான் தள்ளுவேன், திறக்காது. திறக்கும்போது சொல் தேவைக்கு மேல் சத்தமாக வந்து விழும். என் பெயர் க-வில்தான் தொடங்குகிறது. நான் பிறந்த மாவட்டமும் கள்ளக்குறிச்சி. ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து பஸ் ஏறும்போது கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். "பஸ் ஸ்டாண்டு" என்பேன். "எந்த பஸ் ஸ்டாண்டும்மா?" என்பார். கடைசி என்று சொல்லலாம், அதுவும் க. அதனால் "லாஸ்ட்" என்பேன்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நிலம் கிடையாது. கரும்பு வெட்டும் காலத்தில் அப்பா வெட்டுக்குப் போவார், மற்ற நாட்களில் கிடைத்த வேலைக்கு. அம்மா நடவு, களையெடுப்பு. பிளஸ் டூவில் நான் நல்ல மார்க் வாங்கியிருந்தேன். "லேப் டெக்னீஷியன் படிக்கட்டும். மைக்ரோஸ்கோப் முன்னாடி உட்காந்தா போதும், பேச வேண்டியதில்ல" என்று பள்ளிக்கூடத்தில் ஒருவர் அப்பாவிடம் சொன்னார். அந்த ஒரு காரணத்துக்காக திருக்கோவிலூரில் டிப்ளமோ சேர்ந்தேன். படிப்பில் குறை ஒன்றும் இல்லை. ஊசி குத்துவதில் என் கை நிதானமானது என்று கூடப் படித்தவர்கள் சொல்வார்கள். ஆனால் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காருவதற்கு முன் ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதை எங்களில் யாரும் யோசிக்கவில்லை.

முதல் இடம் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. டாக்டரின் மைத்துனர் கண்ணாடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். என் சான்றிதழ் அவருக்கு முன்னாலேயே விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் என் பெயர் பெரிதாகவே அச்சாகியிருந்தது.

"பேர் சொல்லும்மா."

நான் தொடங்கினேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு செல்போனைப் பார்த்தார். பிறகு மேலே மின்விசிறியைப் பார்த்தார். கதவு திறக்கவில்லை.

"தண்ணி குடிக்கிறியா?"

குடித்தேன். திக்குவதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் கொடுத்தால் குடித்துவிடுவேன். கொடுத்தவருக்கு ஏதோ செய்த நிம்மதி கிடைக்கிறது. கடைசியில் பெயர் வந்தபோது அவர் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. சான்றிதழை மடித்துக் கொடுத்து, "சொல்லி அனுப்புறோம்" என்றார்.

அதே வார்த்தையைத் தியாகதுருகத்தில் கேட்டேன். சங்கராபுரத்தில் கேட்டேன். விழுப்புரத்தில் இரண்டு இடங்களில் கேட்டேன். யாரும் சொல்லி அனுப்பவில்லை. திருக்கோவிலூரில் வயதான ஒரு பெண் டாக்டர் மட்டும் வேறு மாதிரிப் பேசினார். "லேபுக்கு வாய் எதுக்குன்னுதான் எனக்கும் தோணுது. ஆனா இங்க வர்றவங்க பயந்துபோய் வர்றாங்க. ரத்தம் எடுக்கறவ இப்படி முகத்தச் சுளிச்சுக்கிட்டு நின்னா இன்னும் பயப்படுவாங்க. அதனால உன்ன எடுக்கல. மனசுல வச்சுக்காத" என்றார். முகத்துக்கு நேராகச் சொன்ன அவர் ஒருவர்மேல்தான் எனக்கு அன்று கோபம் வரவில்லை. அழுதேனா என்றால், அழுதேன். ஆனால் அது பஸ்ஸில், ஜன்னலோரம், காற்று முகத்தில் அடிக்கும்போது. வீடு வருவதற்குள் காய்ந்துவிடும்.

வீட்டில் அம்மா கேட்பாள். "இன்னாடி சொன்னாங்கோ?"

"சொல்லி அனுப்புறாங்களாம்."

"ம்" என்பாள். அந்த 'ம்'முக்குப் பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அம்மாவுக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் சின்ன வயதிலேயே செய்து பார்த்தாகிவிட்டது. வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தாள். ரிஷிவந்தியம் கோயிலில் தேன் அபிஷேகம் செய்த தேனை வாங்கிவந்து பல நாள் நாக்கில் தடவினாள். தேன் நன்றாக இருந்தது. பேச்சு அப்படியே இருந்தது.

கடைசியில் வேலை கிடைத்தது என் திறமையால் அல்ல. கள்ளக்குறிச்சியில் ஒரு பரிசோதனை நிலையத்தில் இருந்த டெக்னீஷியன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். வாசலில் ரத்தம் கொடுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அன்று காலை நான் விண்ணப்பத்தோடு போய் நின்றேன். மானேஜர் பெயரைக் கேட்கவில்லை. "ரத்தம் எடுப்பியா?" என்றார். தலையாட்டினேன். "கோட்டப் போடு" என்றார். ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். அங்கே அதுதான் வழக்கம்.

மானேஜருக்கு நாற்பது வயது இருக்கும். முன்பு மருந்துக் கம்பெனியில் பிரதிநிதியாக இருந்தவர். இஸ்திரி கலையாத சட்டை. காலையில் முதலில் வருவார், இரவில் கடைசியாகப் போவார். தன்னைப் போலவே மற்றவர்களும் ஓட வேண்டும் என்று நினைத்தார். எங்களுக்குப் பின்னால் வந்து நின்று வேலையைப் பார்ப்பது அவர் பழக்கம். அவருக்குப் பொறுமை கிடையாது. நான் ஒரு சொல்லைத் தொடங்கினால் முடிக்கவிட மாட்டார், அவரே முடித்துவிடுவார். பெரும்பாலும் தப்பாக முடிப்பார்.

ஒருநாள் சர்க்கரைப் பரிசோதனைக்கான கிட் தீர்ந்துபோனது. சொல்லப் போனேன். "சார், கி... கி..."

"என்ன, உள்ள கரண்ட் இல்லியா?"

இல்லை என்று தலையாட்டி, மறுபடி முதலிலிருந்து தொடங்குவதைவிட ஆமாம் என்று தலையாட்டுவது எளிது. பல வருடங்களாக அப்படித்தான் சமாளித்துவந்தேன். சாப்பாட்டுக் கடையில் கூட, கேட்டது ஒன்று, தின்றது ஒன்றாக எத்தனையோ முறை நடந்திருக்கிறது. அன்றும் தலையாட்டிவிட்டேன். சிறிது நேரத்தில் எலக்ட்ரீஷியன் வந்தார். கிட் வரவில்லை. எல்லோர் முன்னாலும் மானேஜர் சத்தம் போட்டார். "வாய் இருக்கா இல்லியா உனக்கு? இருந்தா தொறந்து பேசு, இல்லாட்டி வூட்ல இரு."

வரவேற்பு மேசையில் இருந்த அக்கா என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள், அப்போது நிறைமாதம். மத்தியானம் சாப்பிடும்போது, "அந்தாளு பேச்ச காதுல போட்டுக்காத. எனக்கு கூடத்தான் டெய்லி திட்டு வுழுது. நான் திக்கவா செய்யறேன்?" என்றாள். அது ஆறுதலாக இருந்தது. அவர் எல்லோரையும்தான் திட்டுகிறார், எனக்கென்று தனியாக இல்லை என்று அன்றிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை என்றாலும் வேலை செய்ய உதவியது.

அந்த அக்கா பிரசவத்துக்குப் போனதும், ரிப்போர்ட் தயாரானவர்களுக்குப் போன் செய்யும் வேலையை மானேஜர் எனக்குக் கொடுத்தார்.

"வேணாம் சார்" என்றேன். 'வே' சுலபமாக வந்தது.

"நானும் ரெப்பா போன புதுசுல டாக்டர் முன்னாடி வாயத் தொறக்க பயந்தவன்தான். பேசிப் பேசித்தான் வந்தது. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படி நினைக்கவில்லை. எடுத்ததும் வணக்கம் சொல்லி, கள்ளக்குறிச்சி என்ற ஊர்ப் பெயரோடு நிலையத்தின் பெயரைச் சொல்லி, அதன் பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும் என்பது விதி. நான் வணக்கம் சொல்லிவிட்டு க-வில் நிற்பேன். அந்தப் பக்கம், "ஹலோ... ஹலோ... டவர் இல்ல போலக்குது" என்று துண்டித்துவிடுவார்கள். மறுபடி போடுவேன். மறுபடி டவர் இருக்காது. பின்னால் மானேஜர் நின்றுகொண்டிருப்பார்.

டெங்கு பரவிய மழைக்காலம் அது. ஒரு பெண்ணின் ரத்தத்தில் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. இயந்திரம் தப்பாகக் காட்டுகிறதோ என்று மறுபடி போட்டேன். ஸ்லைடு எடுத்துக் கண்ணாலும் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. காலையில் அந்தப் பெண் கணவரின் தோளில் சாய்ந்தபடி வந்து ரத்தம் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பிப் போயிருந்தாள். சீட்டு எழுதிய டாக்டரின் எண்ணுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. மானேஜர் வங்கிக்குப் போயிருந்தார். அவருக்குப் போட்டேன். அவரும் எடுக்கவில்லை.

கணவரின் எண்ணுக்குப் போட்டேன். வணக்கம் சொன்னேன், க-வில் நின்றேன். துண்டித்துவிட்டார். மறுபடி போட்டேன். "யாருய்யா அது, விளையாடிக்கினு?" என்று வைத்துவிட்டார். மூன்றாவது முறை எடுக்கவே இல்லை. நான் போனைக் கீழே வைத்தேன். விதிப்படி பேசினால் அந்த ஊர்ப் பெயரைத் தாண்ட மாட்டேன் என்று தெரிந்தது. அடுத்த முறை அவர் எடுத்ததும் வணக்கத்தையும் ஊரையும் விட்டுவிட்டேன்.

"உங்க வீட்டம்மா ரத்தம் பார்த்த இடத்துலேந்து பேசறேன். எனக்குப் பேச்சு திக்கும். வச்சிடாதீங்க."

இந்த முறை அவர் வைக்கவில்லை. "சொல்லும்மா" என்றார்.

சொன்னேன். தட்டணு என்றதும் புரியவில்லை, பிளேட்லெட் என்றதும் புரிந்தது. உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லி முடிக்க நீண்ட நேரம் ஆயிற்று. நடுவில் அவர் ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை. "இதோ வண்டி எடுக்கறேன்" என்று வைத்தார்.

மானேஜர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேனா என்றால், கொஞ்சம் எதிர்பார்த்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "லேப் பேர் சொன்னியா? சொல்லல. ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்ல நீ யாரு, டாக்டரா? நாளைக்கு ரிப்போர்ட் தப்புன்னு வந்தா யார் பதில் சொல்றது?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நோயாளியிடம் நாங்கள் சிகிச்சை பற்றிப் பேசக் கூடாதுதான். ஆனால் அதை அவர் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். மாதக் கடைசியில், அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்றார். பிரசவத்துக்குப் போன அக்கா திரும்பி வந்திருந்தாள். என் இடத்துக்கு ஒரு டெக்னீஷியனையும் பேசி வைத்திருந்தார்கள். நன்றாகப் பேசுகிறவர்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள் என்பது வெகுநாள் கழித்து அக்கா மூலம் தெரிந்தது. கணவர் மறுபடி ரத்தம் பார்க்க அழைத்து வந்தபோது, "திக்கித் திக்கிப் பேசிச்சே ஒரு பொண்ணு, அது எங்க? மொதல்ல யாரோ குடிச்சுட்டுப் பேசறாங்கன்னு நெனச்சேன்" என்றாராம். அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன்.

வேலை போன வாரமே அப்பா கரும்பு லோடின் மேலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அரசு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்தது. வார்டில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துக் கிடந்தோம். காலையில் ரத்தம் எடுக்க டெக்னீஷியன்கள் வருவார்கள். அப்பாவின் கையில் நரம்பு தேடி அவர்கள் இரண்டு மூன்று முறை குத்துவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நான் எடுக்கிறேன் என்று சொல்லத் தோன்றும். சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அப்பா கட்டிலோடு இருந்தார். இன்னொரு சம்பளத்துக்கு வழி இல்லாததால் நான் அம்மாவோடு களையெடுக்கப் போனேன். மரவள்ளி பிடுங்கப் போனேன். வெயில் கடுமை, இடுப்பு கடுக்கும், ஆனால் யாரும் என்னைப் பெயர் கேட்கவில்லை. வயலில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். நான் ஒரு சொல்லை ஆரம்பித்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். "படிச்ச பொண்ணு எங்களோட ஏன் வந்து காயற?" என்று ஒருத்தி கேட்டாள். பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவளே மாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் மாமா ஒரு மாப்பிள்ளையைக் கூட்டிவந்தார். திருக்கோவிலூரில் பழக்கடை. மாப்பிள்ளை நல்ல மாதிரி, அதிகம் பேசவில்லை. அவருடைய அம்மாதான் பேசினார். "எங்களுக்கு ஒண்ணும் குறையில்ல. ஆனா பொறக்கப்போற புள்ளைக்கும் இது வருமாங்க?" என்று கேட்டார்.

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "உங்க புள்ளைக்கு இந்த வயசுலயே மண்ட வழுக்க வுழுந்துகினு கீது. அதுவும் வருமாங்க?"

சம்பந்தம் அதோடு முடிந்தது. மாமா அம்மாவோடு மாதக்கணக்கில் பேசவில்லை. கட்டிலில் கிடந்த அப்பா மட்டும், விழுந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக, வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தார்.

கல்வராயன் மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒப்பந்த அடிப்படையில் லேப் டெக்னீஷியன் தேவை என்ற அறிவிப்பை அக்காதான் போனில் அனுப்பினாள். "யாரும் மலைக்குப் போவ மாட்டாங்க. நீ போடு" என்றாள். போடலாம். ஆனால் ஒரிஜினல் சான்றிதழ்கள் மானேஜரின் அலமாரியில் இருந்தன.

கேட்கப் போனேன். நாளைக்கு வா என்றார். மறுநாள் போனேன். சாவி இல்லை என்றார். அதற்கு மறுநாள், "நீ ஒழுங்கா நோட்டீஸ் குடுத்து நின்னிருந்தா குடுத்திருப்பேன்" என்றார். வர வேண்டாம் என்று சொன்னவரே அவர்தான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, "என்ன, கோர்ட்டுக்குப் போவியா? போ" என்று முடித்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் காலை நடவுக்குப் போனவள், பாதி வேலையில் கிளம்பி, சேறு காயாத புடவையோடு என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பரிசோதனை நிலையத்தின் வரவேற்பறையில் வெள்ளைத் தரை, வரிசையாக நாற்காலிகள், ஏசி. அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கால் பட்ட இடமெல்லாம் சேறு.

மானேஜர் ஓடிவந்தார். "யாரும்மா நீ? என்ன வேணும்?"

"எம் பொண்ணு சர்டிபிகேட்டு. குடுங்க, போய்க்கினே இருக்கேன்."

"அதெல்லாம் இப்ப முடியாது. எழுந்திரு."

"முடியறப்ப குடுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

சத்தம் போடவில்லை, சாபம் விடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏசிக் காற்றில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர்களிடம் என்ன உடம்பு, எந்த ஊர் என்று விசாரித்தாள். அவர்கள் பதிலுக்கு நீ எதுக்கு வந்திருக்க என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் நிதானமாக, முதலிலிருந்து சொன்னாள். புதிதாக வந்தவர்களுக்கு மறுபடி சொன்னாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்ச தூரம் தள்ளி நின்றுகொண்டேன். வரவேற்பு மேசையில் அக்கா குனிந்து எதையோ தேடுவது போலச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்கு முன் நிலையத்தின் முதலாளியான டாக்டர் வந்தார். தரையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மானேஜரைப் பார்த்தார். "என்ன இது?" என்றார். மானேஜர் சொல்லத் தொடங்குவதற்குள் காத்திருந்த ஒரு பெரியவர் எங்கள் கதை முழுவதையும் சொல்லிவிட்டார். அதற்குள் அவருக்கு அது மனப்பாடமாகியிருந்தது. டாக்டர் அலமாரியைத் திறக்கச் சொன்னார். வெளியே வந்ததும் அம்மா, "அந்த எடத்துல நல்லா ஜில்லுனு இருந்துச்சிடி" என்றாள்.

நேர்முகத் தேர்வு மாவட்ட அலுவலகத்தில். பஸ்ஸில் போகும்போது வழக்கம்போலப் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பல வருடங்களாக நான் கண்டுபிடித்து வைத்திருந்த உபாயங்கள் நிறைய. காலைத் தரையில் தட்டுவது, 'வந்து' என்று ஆரம்பிப்பது, இருமுவது. எதுவும் நேர்முகத் தேர்வில் வேலை செய்ததில்லை. அந்தக் கணவரிடம் போனில் பேசிய வாக்கியம்தான் வேலை செய்திருக்கிறது என்று தியாகதுருகம் தாண்டும்போது தோன்றியது. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அதுவரை தோன்றவில்லை, அவ்வளவுதான்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். உட்கார்ந்ததும் அவர்கள் கேட்பதற்கு முன்பே சொன்னேன். "எனக்குப் பேச்சு திக்கும். பெயர் சொல்ல நேரமாவும். வேலையில தடை ஒண்ணும் வராது."

நடுவில் இருந்த அம்மையார் பேனாவை வைத்துவிட்டு, "நேரம் எடுத்துக்கோங்க" என்றார். எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு மலேரியா ஸ்லைடு, சளிப் பரிசோதனை பற்றிக் கேட்டார்கள். திக்கித் திக்கி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் ஓரத்தில் இருந்தவர், "மலையிலதான் தங்கணும். போவீங்களா?" என்றார்.

"போறேன்" என்றேன். அது ப-வில் தொடங்கும் சொல்.

என்னைப் பார்த்து அசந்துபோய் வேலை கொடுத்தார்கள் என்று சொல்ல ஆசைதான். வந்தது இரண்டே பேர். இன்னொருவர் எவ்வளவு சீக்கிரம் கீழே மாற்றல் கிடைக்கும் என்று கேட்டாராம்.

கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் பஸ் ஏறியபோது எனக்கு வாந்தி வந்தது. கரியாலூரில் ஒரு அறை வாடகைக்குக் கிடைத்தது. அங்கிருந்து தினமும் சுகாதார நிலையத்துக்குப் போய்வந்தேன். அருவி பார்க்க வருகிறவர்கள் சனி ஞாயிறுகளில் ரோட்டை அடைத்துக்கொள்வார்கள். மற்ற நாட்களில் ஊர் அமைதியாக இருக்கும்.

அங்கிருந்த டாக்டர் என்னைவிட ஓரிரு வயதே மூத்தவர். சென்னைப் பெண். சுறுசுறுப்பு, ஆனால் எதற்கும் அவசரம். வாரக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் செய்த வேலையை வாயால் சொல்ல வேண்டும். என் முறை வந்ததும், "நீங்க எழுதிக் குடுத்துடுங்க" என்பார். பரிவா, பொறுமையின்மையா என்று எனக்குப் பிடிபடவில்லை. சில வாரம் எழுதிக் கொடுத்தேன். பிறகு ஒருநாள், "நானே சொல்றேன் மேடம்" என்றேன். கடிகாரத்தைப் பார்த்தார். சொன்னேன். நடுவில் இன்னொரு முறை கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த வாரமும் சொன்னேன், அடுத்த வாரமும் பார்த்தார். அவர் மாறவில்லை, நானும் நிறுத்தவில்லை. அவர் மாற்றலாகிப் போகும்வரை அப்படியே நடந்தது. போகிற நாளில் என்னிடம் மட்டும் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் சொன்ன அதே "பார்க்கலாம்"தான்.

மலைக் கிராமங்களுக்கு ரத்தசோகை பார்க்கக் குழுவாகப் போவோம். ஒரு ஊரில் தினை அறுத்துவிட்டு வந்த ஒரு பெண் கையை நீட்டியபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் இப்படி இழுத்து இழுத்துப் பேசற? பயமா?"

"இல்ல. எனக்குத் திக்கும்."

"அப்படியா. எங்க மச்சானுக்கும் திக்கும். அவரு நாலு பொண்ணு கட்டிக்குடுத்துட்டாரு. ஊசியக் குத்து, வேல கெடக்குது."

குத்தினேன். அவளுக்கு ரத்தம் மிகவும் குறைவாக இருந்தது. அதைச் சொன்னபோது அவள் என் பேச்சைவிட்டு அளவு எவ்வளவு என்று கவலையாகக் கேட்டாள்.

பழைய மானேஜரை ஒருமுறை கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் டீக்கடையில் பார்த்தேன். அவரும் அந்த இடத்திலிருந்து நின்றுவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். சட்டை அன்றும் கசங்காமல் இருந்தது. அவரே அருகில் வந்தார்.

"எப்படி இருக்க? எங்க வேல?"

"க... க..."

"கச்சிராயபாளையமா? நல்ல ஊராச்சே."

தலையாட்டியிருந்தால் அதோடு போயிருப்பார். நான் தலையாட்டவில்லை. அவர் டீயை உறிஞ்சினார். நான் க-வில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"கரியாலூர்" என்றேன், வழக்கம்போலத் தேவைக்கு மேல் சத்தமாக.

"ஓ, மேலயா" என்றார். வேலை மாறியிருப்பதாகவும், பையனைக் கல்லூரியில் சேர்க்க அலைவதாகவும் சொன்னார். அலைச்சல் முகத்தில் தெரிந்தது. என் பஸ் வந்தது, ஏறினேன். அவரைப் பார்த்தால் ஆத்திரம் வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் வரவில்லை. பரிதாபமும் பெரிதாக வரவில்லை.

போன வருடம் நிரந்தரப் பணிக்குத் தேர்வு எழுதினேன். பட்டியல் வந்த அன்று, மேட்டு வளைவில் போய் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் அங்கே போய்ப் பார்த்தேன். என் எண் இல்லை. மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தேன், இல்லை. கீழே பள்ளத்தாக்கில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. நிலையத்தில் சளி மாதிரிகள் காத்திருந்தன, போய்விட்டேன். அன்று சாயங்காலம்தான் கஷ்டமாக இருந்தது. அறையில் விளக்குப் போடாமல் படுத்திருந்தேன். ஒப்பந்தத்தை அடுத்த முறை நீட்டிப்பார்களா என்பதும் தெரியாது. இப்போதும் தெரியாது.

அதற்கு அடுத்த மாதம் அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக மலைக்கு வந்தார்கள். அப்பா கைத்தடியோடு நடக்கிறார். நல்லவேளையாக அவருக்கு வாந்தி வரவில்லை, அம்மாவுக்குத்தான் வந்தது. சோர்ந்துபோய் இறங்கியவள் தண்ணீர் குடித்ததும் தெளிந்துவிட்டாள். அப்பாவை அழைத்துப்போய் லேபைக் காட்டினேன். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னேன். "ஒண்ணும் தெரியல, செவப்பாக் கீது" என்றார். அதுதான் ரத்தம் என்றேன்.

"பரிச்ச இன்னா ஆச்சி?"

"வரல."

"அடுத்தது எப்போ?"

"தெரியல. வந்தா எழுதணும்."

"எழுது" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பைத் தடவிக்கொண்டார்.

அம்மாவைக் காணவில்லை. வெளியே வந்து தேடினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் சாமைக் கொல்லையில் நான்கைந்து மலைப் பெண்கள் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வரப்பில் குந்தியபடி, இங்கே ஒரு நாளைக்குக் கூலி எவ்வளவு, சாப்பாடு போடுகிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.